‘இவன்தானா அவன்?’ – ஜஃபர் பனாஹியின் படமும் பழியின் கணக்கும்

பழிவாங்கும் படங்கள் நமக்குப் புதிதல்ல. வில்லன் யார் என்பது முதல் அரை மணித்தியாலத்திலேயே தெரிந்துவிடும். மிச்ச நேரம் முழுக்கக் கதாநாயகன் அவனை எப்படித் தேடிப் பிடிப்பான், எப்படிக் கணக்குத் தீர்ப்பான் என்பதுதான். கடைசி அடி விழும்போது தியேட்டரில் விசில் பறக்கும். ஈரானிய இயக்குநர் ஜஃபர் பனாஹியின் படத்தில் இந்த ஒழுங்கு தலைகீழாகக் கிடக்கிறது. ஆளைப் பிடிப்பது ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. கை கால் கட்டியாயிற்று, குழியும் வெட்டியாயிற்று. அதற்குப் பிறகு படம் முழுக்க ஒரே கேள்வி: இவன்தானா அவன்?

படத்தின் ஆங்கிலப் பெயர் ‘இட் வொஸ் ஜஸ்ட் அன் அக்சிடன்ட்’. பாரசீகப் பெயரைத் தமிழில் ‘ஒரு சாதாரண விபத்து’ எனலாம். 2025 மே மாதம் கான் திரைப்பட விழாவின் உயர் விருதான தங்கப் பனை இதற்குக் கிடைத்தது. ஈரானிய இயக்குநர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது இது இரண்டாவது தடவை. முதலாவது, 1997இல் அப்பாஸ் கியாரொஸ்தமியின் ‘டேஸ்ட் ஒப் செரி’க்கு. பனாஹி அந்தக் கியாரொஸ்தமியிடம் உதவி இயக்குநராக இருந்தவர். 2000இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கத்தையும் 2015இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடியையும் ஏற்கெனவே பெற்றவர்.

ஈரானியப் படம் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஒரு சோடிச் சப்பாத்துக்காக ஓடும் பிள்ளையின் கதையான ‘சில்ட்ரன் ஒப் ஹெவன்’தான். பனாஹியின் முதல் முழுநீளப் படமும் தங்கமீன் வாங்க ஆசைப்படும் ஒரு சிறு பிள்ளையைப் பற்றியதே. அங்கிருந்து இந்தப் படத்துக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தது சிறைச்சாலை. அதைப் பின்னால் பார்ப்போம். இக்கட்டுரை கதையை முடிவு வரை சொல்லுகிறது. படத்தைப் பார்த்துவிட்டு வாசிக்க விரும்புகிறவர்கள் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

கிறீச்சிடும் கால்

இரவு. ஒரு மனிதன் கார் ஓட்டிக்கொண்டு போகிறான். பக்கத்தில் கர்ப்பிணி மனைவி, பின்னால் சின்ன மகள். இருட்டில் ஒரு நாய் அடிபட்டுச் சாகிறது. அது ஒரு விபத்துத்தான், அல்லாஹ் நாடியது என்று தாய் ஆறுதல் சொல்கிறாள். பிள்ளைக்கு அந்த ஆறுதல் பிடிக்கவில்லை. நாய் செத்ததற்கும் அல்லாஹ்வுக்கும் என்ன சம்பந்தம் என்ற மாதிரிக் கேட்கிறாள். செய்தவன் கையிலுள்ள பொறுப்பை யார் தலையில் போடுவது என்ற பிரச்சினை ஒரு சின்னப் பிள்ளையின் வாயால் இப்படித் தொடங்கிவிடுகிறது.

கார் பழுதாகி ஓர் இடத்தில் நிற்கிறது. அங்கே வேலை செய்யும் வாஹித் என்ற மெக்கானிக் அந்த மனிதன் நடந்து வரும் சத்தத்தைக் கேட்கிறான். செயற்கைக் காலின் கிறீச் கிறீச் என்ற சத்தம். வாஹித் விறைத்துப் போகிறான். சம்பளப் பாக்கியைக் கேட்டுப் போராடியதற்காகச் சிறைக்குப் போனவன் அவன். உள்ளே பட்ட அடியில் சிறுநீரகம் பழுதாகி, இடுப்பில் கையை வைத்தபடிதான் நடக்கிறான். கூசா மாதிரி இருக்கிறான் என்று மற்றவர்கள் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். சிறையில் அவனைச் சித்திரவதை செய்தவனுக்கு ஒரு கால் இல்லை. எக்பால் என்ற பெயரும், ‘நொண்டி’ என்று கைதிகள் வைத்த பட்டமும், இந்தக் கிறீச் சத்தமும்தான் வாஹித்துக்குத் தெரியும். முகத்தை ஒரு நாளும் கண்டதில்லை.

அடுத்த நாள் வாஹித் அவனைப் பின்தொடர்ந்து, அடித்து மயக்கி, வேனில் ஏற்றி, ஆளில்லாத வெளிக்குக் கொண்டுபோய், உயிரோடு புதைக்க மண் தள்ளத் தொடங்குகிறான். குழிக்குள் கிடப்பவன் கதறுகிறான்: நீ தேடும் ஆள் நான் இல்லை, நான் காலை இழந்தது அண்மையில்தான், தழும்பைப் பார். வாஹித்தின் கை நின்றுவிடுகிறது. அந்த ஒரு நிமிடத் தயக்கம்தான் படம்.

கண்கட்டு என்ற ஆயுதம்

வாஹித் ஏன் முகத்தைக் கண்டதில்லை? இந்தக் கேள்விக்கான பதிலை விளங்கிக்கொண்டால்தான் படம் விளங்கும்.

ஈரானின் அரசியல் கைதிகள் எழுதிய நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் பொருள் கண்கட்டு. அறையை விட்டு வெளியே எடுக்கும்போது கண்ணைக் கட்டுவார்கள். விசாரணையின்போது சுவரைப் பார்த்து உட்கார வைப்பார்கள். கேள்வி கேட்பவன் பின்னால் நிற்பான். பதில் எழுதுவதற்குக் கண்கட்டைக் கொஞ்சம் உயர்த்திக் கடதாசியை மட்டும் பார்க்கலாம். விசாரணையாளன் தன் உண்மையான பெயரைச் சொல்ல மாட்டான். ‘ஹாஜி’, ‘செய்யித்’ என்று ஏதாவது ஒரு மரியாதைப் பெயர் இருக்கும். மக்காவுக்குப் போய் வந்தவரையும் நபிகளாரின் வழித்தோன்றலையும் அழைக்கும் சொற்கள் இருட்டில் அடிக்கிறவனுக்கு முகமூடியாகிவிடுகின்றன.

கண்கட்டு கைதியைப் பயமுறுத்தும், எந்தப் பக்கத்தில் இருந்து அடி வரும் என்று தெரியாமல் நடுங்க வைக்கும். இது எல்லோருக்கும் விளங்கும். இதைவிட நீண்ட நாள் வேலை செய்யும் பயன் ஒன்று அதற்கு உண்டு. அது சாட்சியை அழித்துவிடுகிறது. உடம்பில் பட்ட காயத்துக்குச் சாட்சி அந்த உடம்பு. காயப்படுத்தியவனுக்கு மட்டும் சாட்சி இல்லை. ஆட்சி நாளைக்கு மாறினாலும், நீதிமன்றம் ஒன்று வந்தாலும், ‘இவரை அடையாளம் காட்ட முடியுமா?’ என்ற முதலாவது கேள்விக்குக் கைதி வாயடைத்து நிற்க வேண்டியதுதான்.

ஆனால் கண்ணை மூடினால் மற்றப் புலன்கள் கூர்மையாகிவிடுகின்றன. ஈரானிய-கனேடிய ஊடகவியலாளர் மஸியார் பஹாரி 2009 தேர்தலை அடுத்துக் கைதாகி, தெஹ்ரானின் எவின் சிறையில் 118 நாட்கள் கிடந்தார். கண்ணைக் கட்டி விசாரித்தவனை அவர் அறிந்திருந்தது பன்னீர் வாசத்தால்தான். அவருடைய அனுபவத்தை வைத்து 2014இல் எடுக்கப்பட்ட படத்தின் பெயரே ‘ரோஸ்வோட்டர்’. சிலி நாட்டு எழுத்தாளர் ஏரியல் டோர்ஃப்மனின் ‘டெத் அன்ட் த மெய்டன்’ நாடகத்திலும், கண் கட்டப்பட்டு வதைபட்ட பெண் பல வருடங்களுக்குப் பிறகு தன் வீட்டுக்கு வரும் டொக்டரைக் குரலால் கண்டுபிடிக்கிறாள். சொல்லி வைத்தாற்போல் அங்கேயும் எல்லாம் தொடங்குவது ஒரு கார் பழுதானதில்தான்.

பனாஹி இந்தப் புலன்களை ஆளுக்கொன்றாகப் பங்கு பிரித்துக் கொடுக்கிறார். வாஹித்துக்குக் காது. மற்றவர்களுக்கு என்னென்ன என்பதுதான் அடுத்த பகுதி.

வேனுக்குள் ஒரு நீதிமன்றம்

சந்தேகம் வந்த வாஹித், பிடிபட்டவனை வேனிலுள்ள பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, தன்னோடு சிறையில் இருந்தவர்களைத் தேடிப் போகிறான். முதலில் சாலார், புத்தகக் கடை வைத்திருப்பவன். இந்த வேலையே வேண்டாம், நாமும் அவர்களைப் போல ஆகக்கூடாது என்று சொல்லிவிட்டு, இன்னொருவரின் விபரத்தை மட்டும் கொடுக்கிறான்.

அந்த இன்னொருவர் ஷீவா என்ற புகைப்படக்காரி. கலியாணப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். மணப்பெண் கோலியும் அதே கையால் வதைபட்டவள். வெள்ளை மணச்சட்டையோடு வேனில் ஏறிவிடுகிறாள். எதுவும் தெரியாத மாப்பிள்ளையும் பின்னால் வருகிறான். கடைசியாக ஹமீத். ஒரு காலத்தில் ஷீவாவோடு வாழ்ந்தவன், எதற்கெடுத்தாலும் பற்றி எரிகிறவன். ஷீவா அந்த ஆளை மணந்து பார்த்து அறிய முயல்கிறாள். ஹமீத் காலின் தழும்பைத் தொட்டுப் பார்த்து, இவன்தான், கொன்றுவிடுவோம் என்று துள்ளுகிறான்.

இந்த இடத்தில் படம் சிரிப்பும் மூட்டுகிறது. பட்டப்பகலில், நகர நெரிசலில், ஒரு மணப்பெண் உட்பட இத்தனை பேர் பழுதான வேனைத் தள்ளுகிறார்கள். உள்ளே ஒரு மனிதன் பெட்டிக்குள் கிடக்கிறான். வேனில் ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடித்த காவலாளிகள் சந்தோஷம் கேட்கிறார்கள். கையில் காசு இல்லை என்றதும் கார்ட் மெஷினை எடுத்து நீட்டுகிறார்கள். லஞ்சத்துக்கும் கார்ட் மெஷின்! ஓர் ஆட்சி எந்த அளவுக்கு உளுத்துப் போயிருக்கிறது என்பதைச் சொல்ல இதைவிட நீளமான வசனம் தேவையில்லை.

சிரிப்புக்கு அடியில் நடப்பது ஒரு வழக்கு. வாஹித் முறைப்பாட்டாளன். ஷீவாவும் கோலியும் சாட்சிகள். ஹமீத் தண்டனை கேட்பவன். அப்பால் நின்ற சாலார், கருணை மனு. அரசு இவர்களுக்குக் கொடுக்காமல் விட்ட நீதிமன்றத்தை ஒரு பழைய வேனுக்குள் இவர்களே கட்டிக்கொண்டு நகரம் முழுக்க இழுத்துத் திரிகிறார்கள். அந்த நீதிமன்றத்தில் இல்லாதது ஒன்றுதான்: கண்ணால் கண்ட சாட்சி.

பழி என்ற சொல்

தமிழில் ‘பழி’ என்ற சொல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒருவன் மேல் ‘பழி போடுகிறோம்’. ஒருவனைப் ‘பழி வாங்குகிறோம்’. குற்றச்சாட்டுக்கும் அதற்கான பதிலடிக்கும் ஒரே சொல். யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பழி வாங்க வேண்டுமென்றால் முதலில் பழி சரியான ஆளின் மேல் விழுந்திருக்க வேண்டும். ஆள் மாறிவிட்டால், வாங்கப் போன பழி வாங்கியவன் தலையிலேயே வந்து உட்கார்ந்துவிடும். வாஹித்தின் கை நின்றது இந்தப் பயத்தில்தான்.

நம்முடைய ஃபிக்ஹு நூல்களிலும் இதே எச்சரிக்கை உண்டு. சந்தேகம் இருக்குமிடத்தில் ‘ஹுதூத்’ தண்டனைகளைத் தவிர்க்க வேண்டும் என்பது எல்லா மத்ஹபுகளிலும் பேசப்படும் அடிப்படை. கோபத்தில் இருக்கும் காழி தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது நபிவழி. ‘கிஸாஸ்’ என்ற பழிக்குப் பழியில்கூட, கொல்லப்பட்டவனின் குடும்பத்துக்கு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. தண்டனை கேட்கலாம், ‘தியத்’ வாங்கலாம், மன்னித்துவிடலாம்.

ஈரானின் தண்டனைச் சட்டத்திலும் இந்தக் கிஸாஸ் இருக்கிறது. கொலை வழக்கில் இறுதி முடிவு கொல்லப்பட்டவரின் வாரிசுகளின் கையில்தான். ஆனால் அரசின் சிறையில், அரசின் ஆளால் சிதைக்கப்பட்டவனுக்கு அந்தக் கதவு திறக்காது. அவன் யாரிடம் போய் முறையிடுவது? முறைப்பாட்டை எடுக்க வேண்டியவனும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறான். மன்னிப்பதென்றாலும், மன்னிக்கும் உரிமை முதலில் கையில் இருக்க வேண்டும். அந்த உரிமையைக்கூடப் பறிகொடுத்தவர்கள்தான் இந்த வேனில் போகிறார்கள். ஆகவே, ‘ஏன் இவர்கள் சட்டத்தைக் கையில் எடுக்கிறார்கள்?’ என்று கேட்கும் ஒருவர், எடுக்காமல் இருந்திருந்தால் அந்தச் சட்டம் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஸ்டொக்ஹோமில் நடந்தது

இது வெறும் சினிமாக் கற்பனை இல்லை என்பதற்கு ஒரு வழக்கைக் காட்டலாம். 1988இல் ஈரானியச் சிறைகளில் ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகள் கொல்லப்பட்டார்கள். கரஜ் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள கோஹர்தஷ்த் சிறையும் அவற்றில் ஒன்று. அங்கே ‘ஹமீத் அப்பாஸி’ என்ற பெயரில் ஒருவன் வேலை செய்ததைத் தப்பியவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். 31 வருடங்களுக்குப் பிறகு, 2019 நவம்பரில், ஹமீத் நூரி என்பவர் ஸ்டொக்ஹோம் விமான நிலையத்தில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். பாரதூரமான சில குற்றங்களை எந்த நாட்டில் நடந்தாலும் தன் நீதிமன்றத்தில் விசாரிக்கலாம் என்பது சுவீடனின் சட்டம்.

2021 ஓகஸ்டில் வழக்குத் தொடங்கியது. கோஹர்தஷ்தில் இருந்து தப்பியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சாட்சி சொன்னார்கள். கொலைக்களத்துக்கு அழைக்கப்படும் வரை சிறை ஒழுங்கையில் கண் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தவர்கள், கட்டின் அடியால் கண்டதையும் காதால் கேட்டதையும் சொன்னார்கள். நூரி சொன்ன பதில் படத்தில் குழிக்குள் கிடந்தவன் சொன்னதேதான்: ஆள் மாறிவிட்டது. நீதிமன்றம் மாதக் கணக்காகக் கேட்டது. சில அமர்வுகளுக்காக அல்பேனியா வரைகூடப் போனது. 2022 ஜூலையில் ஆயுள் தண்டனை விதித்தது. மேன்முறையீட்டிலும் அது உறுதியானது. ஆனால் 2024 ஜூனில், ஈரான் பிடித்து வைத்திருந்த இரண்டு சுவீடன் பிரஜைகளுக்கு மாற்றாக நூரி விடுதலையாகி ஊர் திரும்பினார்.

‘இவன்தானா அவன்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியும் என்பதை இந்த வழக்கு காட்டியது. அதற்கு நேரம் வேண்டும், பல சாட்சிகள் வேண்டும், குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கும் வாய் திறக்க இடம் வேண்டும், பயமில்லாத ஒரு நாடு வேண்டும். அத்தனையும் இருந்தும் கடைசியில் அரசுகளின் பேரம் வந்து தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஸ்டொக்ஹோம் நீதிமன்றத்துக்கே இந்தக் கதியென்றால் வாஹித்தின் வேனுக்கு எவ்வளவு வலு இருக்கும்?

பிள்ளைப்பேறு

வாக்குவாதம் உச்சத்துக்குப் போகும்போது பிடிபட்டவனின் போன் அடிக்கிறது. மறுமுனையில் அவனுடைய சின்ன மகள். உம்மா மயங்கி விழுந்துவிட்டாள், வாப்பாவைக் காணவில்லை.

கொல்ல வந்தவர்கள் வேனைத் திருப்புகிறார்கள். அந்தப் பெண்ணை ஏற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிள்ளை பிறக்கும் வரை நிற்கிறார்கள். தாதிமாருக்கு இனிப்பு வாங்கிக் கொடுக்கிறவனும் வாஹித்தான். யாருடைய சந்தோஷத்துக்கு யார் இனிப்புக் கொடுப்பது!

இது ‘எல்லோரும் நல்லவர்கள்’ என்று சொல்லுவதற்காக வைத்த காட்சி அல்ல. சித்திரவதையாளன் உண்மையான சித்திரவதையாளனாகவே இருந்தாலும், அவனுடைய பிள்ளைக்கு இதில் பங்கு இல்லை என்பதை இவர்கள் யாரும் யோசித்து முடிவு செய்யவில்லை. போன் அடித்தவுடன் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது. தங்களிடம் என்ன எஞ்சியிருக்கிறது என்பது அவர்களுக்கே அந்த ஆஸ்பத்திரியில்தான் தெரிய வருகிறது. சிறை அவர்களுடைய உடம்பை, குடும்பத்தை, தூக்கத்தைத் தின்றிருக்கிறது. இதைத் தின்ன முடியவில்லை.

பிறகு வாஹித்தும் ஷீவாவும் அவனை இரவில் ஒரு மரத்தில் கட்டுகிறார்கள். இப்போது கண் கட்டப்பட்டிருப்பது அவனுக்கு. வேனின் சிவப்பு வெளிச்சத்தில், கெமரா அசையாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. முதலில் மறுக்கிறான். பிறகு வீறாப்புப் பேசுகிறான். கடைசியில் உடைந்து ஒப்புக்கொள்கிறான்: ஆம், நான்தான். கால் போனது சிரியாவில். அழுகிறான், மன்னிப்புக் கேட்கிறான். அவனை உயிரோடு விட்டுவிட்டு இருவரும் போகிறார்கள்.

இயக்குநர் உட்கார்ந்த கதிரை

பனாஹிக்கு இதெல்லாம் கேள்விச் செவியன் கதை இல்லை. 2010 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள். அந்த வருடம் கான் விழாவில் சிறந்த நடிகை விருது பெற்ற ஜூலியட் பினோஷ், மேடையில் அவருடைய பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். (15 வருடங்களுக்குப் பிறகு, அவருக்குத் தங்கப் பனையைக் கொடுத்த நடுவர் குழுவின் தலைவியும் அதே பினோஷ்தான்.) 2010 டிசம்பரில் ஆறு வருடச் சிறையும், படம் எடுக்கவும் நாட்டை விட்டு வெளியேறவும் 20 வருடத் தடையும் விதிக்கப்பட்டன. தடைக்குள் இருந்துகொண்டே வீட்டுக்குள்ளும் டெக்சிக்குள்ளும் கெமரா வைத்துப் படம் எடுத்தார்.

2022 ஜூலையில், கைதான சக இயக்குநர் முஹம்மத் ரசூலொஃபைப் பற்றி விசாரிக்கப் போன இடத்திலேயே அவரையும் பிடித்து எவினில் போட்டார்கள். ஏறத்தாழ ஏழு மாதம். 2023 பெப்ரவரியில் உண்ணாவிரதம் தொடங்கிய பிறகுதான் விட்டார்கள். கண்கட்டோடு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, பின்னால் கேட்கும் குரலுக்குரியவன் யார், வெளியே கண்டால் கண்டுபிடிப்பேனா என்று யோசித்ததிலிருந்துதான் இந்தப் படம் வந்ததென்று நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்.

ஈரானில் படம் எடுக்கக் கலாசார, இஸ்லாமிய வழிகாட்டல் அமைச்சின் அனுமதி தேவை. பனாஹி அனுமதி கேட்கவில்லை. இரகசியமாகவே எடுத்தார். நடித்தவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை நடிகர்கள் அல்லர். 2022இல் மஹ்ஸா அமீனியின் மரணத்தைத் தொடர்ந்து வந்த கொந்தளிப்புக்குப் பிறகு தெஹ்ரான் தெருக்களில் பல பெண்கள் தலை மூடாமல் நடக்கிறார்கள். அதையும் அவர் உள்ளபடியே காட்டினார். 2025 டிசம்பரில், அவர் வெளிநாட்டில் இருக்கும்போதே, அரசுக்கு எதிரான பிரசாரம் என்ற குற்றத்துக்கு ஒரு வருடச் சிறையும் இரண்டு வருடப் பயணத் தடையும் விதித்தார்கள்.

எவின் சிறை கட்டப்பட்டது 1970களின் தொடக்கத்தில், ஷாவின் ஆட்சியில். அப்போது அதற்குள் அடைக்கப்பட்டவர்களில் ஷாவை எதிர்த்த மார்க்க அறிஞர்களும் இருந்தார்கள். 1979இல் ஆட்சி மாறியது. சிறை மாறவில்லை. நேற்றைய கைதிகளின் அரசு அதே சாவியைக் கையில் எடுத்துக்கொண்டது. ‘நாமும் அவர்களைப் போல ஆகக்கூடாது’ என்று சாலார் சொல்வதற்குப் பின்னால் இந்தச் சரித்திரம் நிற்கிறது. பழிவாங்கல் ஒரு தனி மனிதனோடு முடிந்துவிடுவதில்லை. அது ஓர் ஆட்சியாகவும் வந்து உட்காரலாம்.

முதுகுக்குப் பின்னால்

டோர்ஃப்மனின் நாடகம் பினோசேயின் ஆட்சி முடிந்த கையோடு எழுதப்பட்டது. அங்கே கேள்வி, கடந்துபோன கொடுமையை என்ன செய்வது என்பது. பனாஹியின் படத்தில் எதுவும் கடந்து போகவில்லை. ஆட்சி அப்படியே இருக்கிறது. விட்டுவிட்டு வந்தவன் நாளைக் காலை வேலைக்குப் போவான். அவன் அழுததும் மன்னிப்புக் கேட்டதும் உண்மையா, கழுத்தில் கத்தி இருந்ததாலா? தெரியாது. சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலத்தை நம்ப முடியாது என்று இந்த வேனில் வந்தவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

கடைசிக் காட்சியில் வாஹித் தன் வீட்டில் நிற்கிறான். திடீரென அந்தச் சத்தம். கிறீச், கிறீச். கெமரா அவனுடைய பிடரியை மட்டும் காட்டுகிறது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வந்தவன் நன்றி சொல்ல வந்தானா, பிடித்துக்கொண்டு போக வந்தானா, இல்லாட்டி யாருமே வராமல் அவன் காதுக்குள் மட்டும் கேட்கிறதா? படம் சொல்லாமலே முடிகிறது.

மன்னித்தவர்கள் நிம்மதியாக வாழ்ந்தார்கள் என்று பனாஹி முடித்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். கொன்றிருந்தால் நிம்மதி வந்திருக்கும் என்றும் அவர் சொல்லவில்லை. வாஹித் சரியானதைச் செய்தான். அந்தச் சரியானதைச் செய்தவனுக்குப் பாதுகாப்புக் கொடுக்க அந்த நாட்டில் ஒரு நீதிமன்றமும் இல்லை. கண்கட்டு அவிழ்ந்து எவ்வளவோ காலமாயிற்று. ஆனாலும் அவன் இன்னமும் சுவரைப் பார்த்தபடிதான் நிற்கிறான், பின்னால் நிற்பவனுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு.